யாரிடம் போவது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பெண்கள் நால்வர் கூடினால் பேசாத பொருளில்லை என்பார்கள். களத்து மேட்டில், தண்ணீர்க் குழாயடியில், தீப்பெட்டி ஆபீசில், பஸ் நிலையத்தில் என்று எங்கும் பேசுகிறோம். ஆனால் ஒரு பேச்சு வரும்போது மட்டும் எங்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. "அவ கலைச்சிட்டாளாம்" என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதோடு பேச்சு முடிந்தது. யாரிடம் போனாள், என்ன செய்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தாள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அல்லவா அடுத்து வருகிறவளுக்கு வழி தெரியும்?

கல்லூரி ஆண்டு மலரில் இப்படியொரு பொருளா என்று ஆசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். கருவும் ஓர் உயிரே, அதைக் கலைத்தல் தகாது என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுடைய மனச்சான்றை நான் மதிக்கிறேன். அந்த வழக்கை இங்கே வாதாட வரவில்லை. கலைத்தே தீர வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒரு பெண், நம்பத் தகுந்த மருத்துவரை எப்படி அறிந்து கொள்வாள் என்பதே என் பேச்சு. ஏனென்றால், அவள் எந்த வாசலைத் தட்டுகிறாள் என்பதைப் பொறுத்தே அவள் வீடு திரும்புவதும் திரும்பாமல் போவதும் இருக்கிறது.

எங்கள் ஊரும் எங்கள் வழக்கமும்

என் ஊர் திருவேங்கடத்தை அடுத்த ஒரு சிற்றூர். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டின் நடுவே இருக்கிறோம். 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது நாங்களும் திருநெல்வேலியை விட்டுப் பிரிந்து வந்தோம். பருத்தியும் மிளகாயும் உளுந்தும் விளையும் பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசே கதி. ஆண்கள் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விடுவார்கள். ஊரில் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான்.

எங்கள் ஆச்சி காலத்தில் இதற்கென்று ஒரு கைவைத்தியம் இருந்தது. எள்ளும் கருப்பட்டியும் தின்னச் சொல்வது, பப்பாளிக் காயைத் தின்னச் சொல்வது என்று தொடங்கி, அதற்கும் மசியாவிட்டால் எருக்கங்குச்சியில் போய் முடியும். குச்சி வைத்ததால் சீழ் பிடித்தும், வாதசன்னி கண்டும், கருப்பை கிழிந்தும் மாண்டவர்கள் எத்தனை பேரோ! "வயித்து வலியில போயிட்டா" என்றே ஊர் அவர்களைச் சொல்லி வைத்திருக்கிறது. எருக்கங்குச்சி இன்று அநேகமாகப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் போலி வைத்தியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2018 டிசம்பரில் திருவண்ணாமலையில், மருத்துவம் படிக்காத ஒரு பெண் வீட்டிலேயே பல ஆண்டுகளாகக் கருக்கலைப்பு நடத்தி வந்ததாகக் கைது செய்யப்பட்ட செய்தியை நாம் செய்தித்தாளில் படித்தோம். அங்கே போன பெண்கள் எல்லாரும் அறிவில்லாதவர்களா? இல்லை. யாருக்கும் தெரியாமல் முடிய வேண்டும் என்ற ஒன்றையே அவர்கள் தேடினார்கள். அந்த ஒன்றைத்தான் அந்த வீடு விற்றது.

மூன்று வாசல்கள்

சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. என் மதினி, இரண்டு பிள்ளைகளின் தாய். இளையவன் ஆபரேஷன் செய்து பிறந்தவன். அப்போது அவனுக்கு எட்டு மாதம். பால் கொடுக்கிற காலத்தில் கரு நிற்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. வயிற்றில் போட்ட தையல் ஆறி ஓராண்டு ஆகவில்லை, உடம்பில் இரத்தமும் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. திருப்பூரில் இருந்த அண்ணனிடம் போனில் பேசினாள். "உன் உடம்புக்கு எது நல்லதோ அதைச் செய்" என்று அவன் சொன்னான். எது நல்லது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. யாரிடம் போவது என்பதுதான் தெரியவில்லை. துணைக்கு நான் போனேன்.

முதல் வாசல், பக்கத்து நகரத்தில் ஒரு வீடு. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி சொல்லி அனுப்பினாள். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார்களாம். போர்டு இல்லை. பின்கட்டு வழியாகப் போகச் சொன்னார்கள். உள்ளே இருந்த அம்மாள், எத்தனை மாதம் என்று கேட்டார், ரூபாயைச் சொன்னார், இரவு ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க? ரத்தம் கூடுதலாப் போனா எங்கே கொண்டு போவீங்க?" என்று கேட்டேன். "இத்தனை கேள்வி கேக்கிறதுன்னா வேற எடம் பாத்துக்கோ தாயி" என்றார். எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் மதினி வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "பேரைக்கூடக் கேக்கல பாத்தியா. எனக்கு ஒண்ணு ஆயிப்போனா, இன்னாருன்னு சொல்ல அங்க ஆளு கிடையாது."

இரண்டாம் வாசல் ஒரு தனியார் கிளினிக். போர்டு இருந்தது, பட்டமும் எழுதியிருந்தது. கருக்கலைப்புக்கு அரசு அனுமதி பெற்றதற்கான சான்றிதழைச் சுவரில் தேடினேன், காணவில்லை. கணவன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். சற்று நேரம் கழித்து, கூடுதலாகக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். பணம் கொடுத்தால் கரைந்துவிடுவது என்ன விதி? அங்கும் நாங்கள் நிற்கவில்லை.

மூன்றாவதாக, எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் போனோம். ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்று மதினிக்குப் பயம். அவரோ முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். "காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு நில்லுங்க, நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இது அவளுடைய சொந்த முடிவுதானா, யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா என்று மதினியிடம் தனியே கேட்டாராம். கடைசியாகத் தலைக்கு ஊற்றிய நாளைக் கணக்கிட்டார். உடம்பைச் சோதித்தார். இரத்த அளவும் இரத்த வகையும் பார்க்கச் சொன்னார். ஏழு வாரம் கடந்திருந்தது. மாத்திரை ஒரு வழி, உறிஞ்சு கருவியால் எடுப்பது இன்னொரு வழி என்று இரண்டையும் விளக்கினார். இரத்தம் மிகவும் குறைவு, வீடும் தொலைவு, ஆகவே மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நல்லது என்று காரணத்தோடு சொன்னார். தாளில் மதினி மட்டுமே கையெழுத்திட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். காப்பர் டி பற்றி எடுத்துச் சொன்னார்கள், ஆனால் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஆனதைத் தவிர வேறு செலவில்லை.

சட்டம் வந்த கதை

வரலாற்று மாணவி என்பதால், மதினி இட்ட அந்த ஒற்றைக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. கலைத்தவர் மட்டுமன்றி, கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. குற்றமென்று சொன்னதால் அது நின்றதா? இருட்டுக்குள் போனது, அவ்வளவே. பெண்கள் மடிவதைக் கண்ட மத்திய அரசு, 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு 1966 டிசம்பரில் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தே 1967இல்தான் தன் சட்டத்தைத் தளர்த்தியது என்பதை எண்ணும்போது, நாம் அதிகம் பின்தங்கிவிடவில்லை எனலாம்.

2021இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்ற சில பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். கேட்டவுடன் கொடுக்கும் உரிமையாக நம் சட்டம் இதை வைக்கவில்லை. தாயின் உடலுக்கோ மனத்துக்கோ கடுந்தீங்கு நேரும் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். கருத்தடை முறை தவறியதால் வரும் வேதனையையும் மனத்துக்கு நேரும் தீங்காகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமான பெண், மணமாகாத பெண் என்று இதில் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில், கரு சிதைந்துகொண்டிருந்த நிலையிலும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, இரத்தம் நஞ்சாகி இறந்தார். அந்த மரணம் ஒரு நாட்டையே உலுக்கியது. 2018இல் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தம் அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள். சவிதாவுக்குப் படிப்பும் பெரிய மருத்துவமனையும் இருந்தன, சட்டம் இல்லை. நம் ஊர்ப் பெண்ணுக்கு ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது, போகும் வழிதான் தெரியவில்லை.

நல்ல இடத்தை அறிவது எப்படி?

தோழியரே, தோழர்களே! இதைத் தேர்வுக்குப் படிப்பதுபோல மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, இடம். அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை, அங்கே கட்டணமும் இல்லை. ஆனால் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பயிற்சி பெற்ற மருத்துவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே கேட்டுக்கொண்டு போவது நல்லது. தனியார் மருத்துவமனையென்றால் மாவட்டக் குழுவின் அனுமதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதை வருவோர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. மாட்டியிருக்கவில்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்குக் கோபம் வந்தால் அதுவே பதில்.

இரண்டாவது, ஆள். பதிவு பெற்ற அலோபதி மருத்துவராக இருக்க வேண்டும். மகப்பேற்று மருத்துவத்தில் பட்டமோ, சட்டம் சொல்லும் பயிற்சியோ பெற்றிருக்க வேண்டும். செவிலியர், மருந்துக் கடைக்காரர், சித்த வைத்தியர், ஓமியோபதி மருத்துவர் ஆகியோர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இதைச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அனுமதியில்லாதவர் செய்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல்.

மூன்றாவது, கையெழுத்து. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் ஒன்றே போதும். கணவனோ, மாமியாரோ, தகப்பனாரோ கையெழுத்திட வேண்டியதில்லை. வயது நிறையாத சிறுமிக்கும், மனநலம் குன்றியவருக்கும் மட்டுமே காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் செய்வோம் என்று நிபந்தனை போடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான்காவது, பேச்சு. நல்ல மருத்துவர் முதலில் கேட்பார், பிறகு சொல்லுவார். கடைசி விலக்கின் தேதி, முன்பு ஆபரேஷன் நடந்ததா, இரத்தம் எவ்வளவு என்று விசாரிப்பார். எந்த முறை, ஏன் அந்த முறை, பிறகு எப்போது வர வேண்டும், எதைக் கண்டால் ஓடி வர வேண்டும் என்று விளக்குவார். "கழுவுதல்" என்று நம்மவர் சொல்லும் பழைய சுரண்டல் முறையைக் கைவிட்டு உறிஞ்சு கருவியையோ மாத்திரையையோ பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. எதைக் கொண்டு செய்யப்போகிறீர்கள் என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

மாத்திரை பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மிபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் அவை நல்ல மருந்துகளே. நம் விதிகளின்படி ஒன்பது வாரம் வரை, மருத்துவர் எழுதிக் கொடுத்துப் பெற வேண்டியவை. ஏன் மருத்துவர்? கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைத் தீர்க்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் மிகக் குறைந்தவளுக்கு இரத்தப்போக்கைத் தாங்க முடியாது. நாள் கணக்கு தவறினாலும் கேடு. மாத்திரையோ கருவியோ, எதுவானாலும் மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், காய்ச்சல் விடாமல் அடித்தாலும், துர்நாற்றத்துடன் நீர் வடிந்தாலும், வலி பொறுக்க முடியாமல் போனாலும் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். எங்கே போனாய், ஏன் போனாய் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். ஸ்கேன் மையங்களில் "கருவின் பாலினத்தை அறிவது குற்றம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கருக்கலைப்பே குற்றம் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அது 1994ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். பெண் என்று அறிந்து கலைப்பது கொடுமை, அது குற்றமாகவே இருக்கட்டும். தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட நாடு இது என்பதை மறந்துவிடலாகாது. ஆனால் அந்தக் குற்றத்தின் நிழல், உடம்புக்கு முடியாமல் வரும் தாயின்மேல் விழக் கூடாது.

மறைவு வேறு, காவல் வேறு

இவ்வளவும் தெரிந்த பின்னும் ஒரு பெண் ஏன் பின்கட்டு வழியைத் தேடுகிறாள்? வெட்கம். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். மருத்துவர் படித்தவரா என்று அவள் பார்ப்பதில்லை, வாயைத் திறக்காதவரா என்றே பார்க்கிறாள். இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். போலி வைத்தியர் தருவது மறைவு. அங்கே பெயர் இல்லை, பதிவு இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. சட்டம் தருவது காவல். அங்கே உன் பெயர் பதிவேட்டில் உண்டு. ஆனால் அந்தப் பதிவேடு ரகசிய ஆவணம். சட்டப்படி அதிகாரம் பெற்றவருக்கன்றி வேறு யாருக்கும் உன் விவரத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. வயது நிறையாத சிறுமியின் செய்தி வந்தால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அவளும் காப்பாளரும் வேண்டிக்கொண்டால், அவளுடைய அடையாளத்தை மருத்துவர் அங்கே சொல்ல வேண்டியதில்லை என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழி செய்திருக்கிறது. பெயர் கேட்கும் இடத்தைக் கண்டு பயப்படுகிறோம், பெயர் கேட்காத இடத்தை நம்புகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது பெயர் கேட்காத இடத்தைக் கண்டுதான்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். முதல் மூன்றும் நம் வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. நோயுற்றவள் இருக்கிறாள், பஸ் போகும் தூரத்தில் மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. குறைவது நான்காவது கூறுதான். கூட வருகிற ஆள்! எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கச் சொன்ன அந்தச் செவிலியரைப் போல, தீர்ப்பு வழங்காமல், புறங்கூறாமல், கூட வருகிற ஓர் ஆள்.

படித்த நாம் அந்த நான்காவது கூறாக இருக்க முடியாதா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது மரம் நடுகிறோம், தெருவைக் கூட்டுகிறோம். அவையும் நல்லவையே. அதோடு ஒரு மாலைப்பொழுது பெண்களைக் கூட்டி, மருத்துவரையும் செவிலியரையும் அழைத்து வந்து இதைப் பேச வைக்கலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும், 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும் என்று சுவரில் எழுதி வைக்கலாம். மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். இது பெண்கள் சமாச்சாரம் என்று விலகிப் போகாதீர்கள். உங்கள் அக்காளோ மதினியோ, நாளை உங்கள் மனைவியோ இந்தக் கேள்வியோடு நிற்கும்போது, "உன் உடம்புக்கு எது நல்லதோ அதைச் செய்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், எங்கே செய்வது என்றும் சொல்லத் தெரிந்திருங்கள்.

யாரிடம் போவது என்று ஒருத்தி தாழ்ந்த குரலில் கேட்டால், நாம் உரத்த குரலிலேயே விடை சொல்லுவோம். அனுமதி பெற்ற இடத்துக்குப் போ, பதிவு பெற்ற மருத்துவரிடம் போ, நாள் கடத்தாமல் போ. தனியாகப் போகாதே, நான் வருகிறேன்.